சலூன் கதிரைக்கு அஞ்சும் பிள்ளைக்கு

தலைமயிர் வெட்டும்போது அலறும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று முடிவுகட்ட வேண்டாம். தொடுகையையும் ஒலியையும் கூடுதலாக உணரும் பிள்ளைக்குக் கழுத்தில் விழும் மயிர்த்துண்டே பெருந்தொல்லை. மயிர் வெட்டும் மெஷினின் அதிர்வு மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போவதால், காதைப் பொத்தினாலும் சத்தம் முழுதாக நிற்காது. அமுக்கிப் பிடித்து வெட்டினால் அன்றைய வேலை முடியும். அடுத்த முறை பிள்ளை சலூன் வாசலிலேயே நின்றுவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதலில் நிறுத்திய மெஷினைக் கையில் கொடுங்கள். பழகியபின் அடுத்த அறையில் ஓடவிட்டு, நாளுக்கு நாள் கிட்டக் கொண்டுவாருங்கள். பிறகு பிளேட் படாமல் மெஷினின் பின்பக்கத்தை உள்ளங்கை, தோள், பிடரி என்ற வரிசையில் வையுங்கள். ஒருமுறைக்கு ஒரு நிமிடம் போதும். முகம் சுளித்தால் முந்திய படிக்குத் திரும்புங்கள்.

வெட்டும் நாளில், புறப்படுமுன் பத்து நிமிடம் தசைக்கும் மூட்டுக்கும் பாரமான வேலை கொடுங்கள். கொழும்பு வெள்ளவத்தை போன்ற இடத்தில் தொடர்மாடியில் இருப்பவர்களுக்குப் படிக்கட்டே போதும்: கைக்கொரு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலுடன் இரண்டு மாடி ஏறட்டும், சுவரை உள்ளங்கையால் தள்ளட்டும். பின்னர், பிள்ளை சம்மதித்தால், தலையின் இரு பக்கமும் கைவைத்து ஐந்து எண்ணும்வரை சீராக அழுத்துங்கள். தடவ வேண்டாம். மெல்லிய வருடல்தான் இப்பிள்ளைகளைத் திடுக்கிடச் செய்யும். உறுதியான அழுத்தம் சில பிள்ளைகளை அமைதிப்படுத்தும். உடலை அழுத்துவதற்காகப் பாரம் வைத்துத் தைத்த விலைகூடிய எடை மேலங்கிக்கு அவசரப்படாதீர்கள். அதன் பயனுக்கு ஆதாரம் குறைவு.

வாரநாள் காலையில், ஆள் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். வீதியின் பஸ் ஹோர்ன் நேரே கேட்காத உட்பக்கக் கதிரையைக் கேளுங்கள். கால் தொங்கினால் உடல் பிடிமானம் இழக்கும், ஆகவே பாதத்துக்கு ஸ்டூல் வையுங்கள். தலையைப் பின்னே சாய்க்க விடாதீர்கள். தண்ணீரை விசிறாமல் ஈரத் துவாயால் துடைக்கச் சொல்லுங்கள். கழுத்தைச் சுற்றி வீட்டுத் துவாயைப் போட்டு, அதன்மேல் சலூன் துணியைக் கட்டலாம். மெஷின் ஓட ஓட பிளேட் சூடாகும். இடையிடையே தொட்டுப் பாருங்கள். காதோரமும் பிடரியும் கடைசியில், கத்தரிக்கோலால். "பத்து எண்ணும்வரை" என்று சொன்னால் பத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். பதினொன்றுக்குப் போனால் அடுத்தமுறை பிள்ளை உங்களை நம்பாது.

பல்துலக்கல், உடை, சாப்பாடு எல்லாவற்றிலும் இதே சிரமம் என்றால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்தில் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) காட்டுங்கள். சலூனில் பாதியிலேயே பிள்ளை தாங்க முடியாமல் போனால் பாதியோடு எழும்புங்கள். மிச்சத்தை இரண்டு நாள் கழித்து வெட்டலாம். அதுவரை பாதி வெட்டிய தலையோடு பாடசாலைக்குப் போக நேர்ந்தால், வகுப்பாசிரியருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.