பந்து, பல்பு, குண்டூசி: இரவு பகலைக் குழந்தைக்குக் காட்டும் வழி

10 செ.மீ. தெர்மாகோல் பந்து, அதை ஊடுருவி வெளியே வரும் அளவு நீளமான குச்சி, ஒரு குண்டூசி, மூடி கழற்றிய மேசை விளக்கு. இவ்வளவு போதும். பந்து பூமி, விளக்கு சூரியன்.

டார்ச் வேண்டவே வேண்டாம். கையில் கொடுத்தால் குழந்தை அதைப் பந்தைச் சுற்றித்தான் கொண்டுபோகும். சூரியன் நம்மைச் சுற்றுகிறது என்ற எண்ணம் இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும். பளபளக்கும் பிளாஸ்டிக் உலக உருண்டையும் சரிவராது. விளக்கு அதில் ஒரு புள்ளியாக மின்னும், அந்தப் புள்ளிதான் பகல் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். தெர்மாகோலுக்கு நீல போஸ்டர் கலர் ஒரு பூச்சு கொடுங்கள். வெள்ளையாகவே விட்டால் ஒளி உள்ளே கசிந்து, இருட்டுப் பாதியின் விளிம்பு மங்கிவிடும்.

அறையை இருட்டாக்கி, பல்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, பல்பின் உயரத்திலேயே பந்தைப் பிடியுங்கள். குச்சி நேராக நிற்கட்டும். பூமியின் அச்சுக்குள்ள 23.5 பாகைச் சாய்வு பருவகாலங்களைச் சொல்லித்தரும்போது வந்தால் போதும். பந்தின் நடுவயிற்றில் குண்டூசியைப் பாதி வெளியே தெரியும்படி குத்துங்கள். அதுதான் நம் ஊர்.

இனித்தான் பலரும் தவறுகிற இடம். குச்சியின் மேல்முனை வடக்கு. மேலிருந்து பார்த்தால் பந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டும். கைப்போக்கில் மாற்றிச் சுழற்றினால் சூரியன் மேற்கே உதித்துவிடும். பந்தில் அது யார் கண்ணிலும் படாது. அதனால் குழந்தையையே பூமியாக்குங்கள். உச்சந்தலை வடதுருவம், மூக்கு நம் ஊர். விளக்குக்கு முதுகு காட்டி, கைகளைப் பக்கவாட்டில் நீட்டி நிற்கட்டும்: நள்ளிரவு. தலையைத் திருப்பாமல், உடம்போடு மெதுவாக இடப்பக்கம் சுழலட்டும். இடது கை விரல்நுனியில் வெளிச்சம் எட்டிப் பார்க்கும். அதுதான் விடியல், இடது கை கிழக்கு. நேரெதிரே விளக்கு வந்தால் நண்பகல். வலது கைப்பக்கம் அது நழுவும்போது பொழுது சாய்கிறது.

“வரைபடத்தில் கிழக்கு வலப்பக்கம்தானே?” என்ற கேள்வி கட்டாயம் வரும். வரைபடத்தில் பூமியை வெளியிலிருந்து பார்க்கிறோம். இங்கே குழந்தை பூமியிலிருந்து வானத்தைப் பார்க்கிறது, அதனால் இடவலம் மாறுகிறது. இதைச் சொல்லாமல் கடந்துபோகாதீர்கள்.

மறுபடி பந்துக்கு வாருங்கள். குண்டூசியின் நிழலைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிச்சத்தின் விளிம்பில் நீண்டு கிடக்கும். பல்புக்கு நேரே வரும்போது ஊசியின் அடியில் ஒடுங்கிவிடும். பூமி சுழல்வது ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை, 24 மணி நேரத்தில் ஒரு சுற்று. விளக்கைச் சுற்றி நடக்கும் ஆட்டத்தை அன்றே சேர்க்காதீர்கள். அது ஓர் ஆண்டின் கணக்கு, இரண்டும் குழம்பிவிடும்.

பின்சேர்க்கை: இருட்டுப் பாதி சரியாக இருட்டவில்லை என்றால் காரணம் வெள்ளைச் சுவர். பந்துக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். “நிலா வருவதால்தான் இரவு” என்று பிள்ளை சொன்னால், பௌர்ணமி கழிந்த ஐந்தாறு நாளில், காலை வேளையில் மேற்கு வானத்தைக் காட்டுங்கள். பட்டப்பகலில் நிலா அங்கே இருக்கும்.