தங்கச்சி பாகத்தில் நாம் செய்கிற தவறுகள்
இஸ்லாத்தில் மனித உரிமை என்று பேச்சு வந்தால் நபிகளாரின் இறுதிப் பேருரையைச் சொல்லாதவர் இல்லை. உயிர், உடைமை, மானம் மூன்றும் புனிதம் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் அத்தா மௌத்தாகி (அப்பா இறந்து) நாற்பது நாள் முடிவதற்குள் மாந்தோப்புப் பேச்சு வந்துவிடும், "உனக்குத்தான் கல்யாணத்துல நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சே" என்பார் அண்ணன், தங்கச்சியும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவாள்.

அந்தக் கணக்கே தப்பு. கல்யாணச் செலவு வேறு, வாரிசுப் பங்கான பாகம் வேறு. சொத்து குறைவோ அதிகமோ, பெண்ணுக்குப் பங்கு விதிக்கப்பட்டது என்று குர்ஆன் 4:7 சொல்கிறது. எட்டு ஏக்கர் தோப்பு, மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 1 ஏக்கர். மிச்சத்தில் மகனுக்கு 3.5, மகள்களுக்கு ஆளுக்கு 1.75. "பொண்ணுக்குப் பாதிதானே" என்று சட்டம் பேசுகிறவர்கள் அந்தப் பாதியையாவது அளந்து கொடுத்தார்களா?

விவசாய நிலத்துக்கு ஷரீஅத், அதாவது இஸ்லாமியச் சட்டம், செல்லாது என்றும் சிலர் சொல்வதுண்டு. 1937 ஷரீஅத் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருந்தது உண்மைதான், ஆனால் சென்னை மாகாணம் 1949-லேயே அதைத் திருத்திவிட்டது.

அப்புறம் அத்தா உயிரோடு இருக்கும்போதே மகளிடம் எழுதி வாங்குவது. அவர் இறந்தால்தான் பங்கே உண்டாகிறது, இல்லாத பங்கை எப்படி விட்டுக்கொடுப்பது? (பதிலுக்குப் பணம் வாங்கியிருந்தால் மட்டும் கோர்ட்டில் கதை மாறலாம், கவனம்.) வஸிய்யத் (உயில்) எழுதி எல்லாவற்றையும் மகனுக்கே கொடுத்துவிடலாம் என்பதும் நடக்காது. வஸிய்யத்தின் எல்லை மூன்றில் ஒன்று, அதையும் ஒரு வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ஹிபா, அதாவது உயிரோடு இருக்கும்போதே தரும் தானம் என்றால், எழுதினால் மட்டும் போதாது, சொத்தின் அனுபவத்தையும் ஒப்படைக்க வேண்டும்.

எல்லாரும் மறப்பது மஹர், கணவன் மனைவிக்குத் தரவேண்டிய மணக்கொடை. கொடுக்காத மஹர் இறந்தவரின் கடன், அடக்கச் செலவுக்கு அடுத்து அதைத் தீர்த்த பிறகுதான் பாகம் பிரிக்க வேண்டும். ஆனால் ஜனாஸா (இறந்தவரின் உடல்) வீட்டில் கிடக்கும்போதே நாலு பேர் சூழ்ந்துகொண்டு, "மஹரை மன்னிச்சுட்டேன்னு சொல்லும்மா" என்று அந்த அம்மாவிடம் கேட்கிறோம். அந்த நேரத்தில் அவர் வேறு என்ன சொல்லிவிட முடியும்?