டிவி இரவுக்கு நொறுக்குத்தீனி: நான் செய்து செய்து திருந்திய தவறுகள்

கட்லெட் அருமையாகத்தான் வந்திருந்தது. உள்ளங்கை அகலம், மேலே தாராளமாக சாஸ், பக்கத்தில் ஒரு முள்கரண்டி. விளக்கை அணைத்து, தொடரைப் போட்டு, ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்தேன். கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற நேரம். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே நண்பர் ஒருவர் கரண்டியை அழுத்தினார். பாதி கட்லெட் மடியில், சாஸ் சோபாவில். யாரோ விளக்கைப் போட, இன்னொருவர் துணி தேடி ஓட, கொலைகாரன் எங்களுக்குத் தெரியாமலே அகப்பட்டுக்கொண்டான்.

வாராவாரம் நண்பர்கள் கூடி டிவி பார்க்கிற இரவுக்குச் சமைப்பவர்கள் செய்கிற முதல் தவறு இதுதான். சாப்பாட்டு மேசைக்குச் சமைக்கிற மாதிரியே சமைத்துவிடுகிறோம். ஆனால் அங்கே மேசை கிடையாது. இருட்டு, மடி, ஒரு கை, அவ்வளவுதான். இன்னொரு கையில் டம்ளர் இருக்கும். கண் தட்டின் பக்கமே வராது. ருசி சுமாராக இருந்தால்கூட மன்னிப்பார்கள், குனிந்து பார்க்கவைக்கிற பலகாரத்தை மன்னிக்க மாட்டார்கள்.

அதனால் எதையும் பரிமாறுவதற்கு முன் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அடுப்படியில் நின்றபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரே கையால் அதைச் சாப்பிட்டுப் பார்ப்பேன். ஒழுகினாலோ, உதிர்ந்தாலோ, இரண்டு கடிக்குள் முடியவில்லை என்றாலோ அளவைக் குறைப்பேன். அதே கட்லெட்டை எலுமிச்சை அளவில் உருட்டி, சாஸை உள்ளேயே கொஞ்சம் வைத்து மூடினால் பிரச்சினை தீர்ந்தது. கொட்டை எடுக்காத ஆலிவ், ஓட்டோடு பிஸ்தா, எலும்புத் துண்டு மூன்றும் இருட்டில் வேண்டவே வேண்டாம். பல்குச்சி குத்திக் கொடுக்கலாம். கூடவே குச்சி போட ஒரு காலி டம்ளர் வைக்காவிட்டால் மறுநாள் சோபா இடுக்கில் அகப்படும், அதுவும் நாம் உட்காரும்போது.

அடுத்தது மொறுமொறுப்பு. சொதப்புகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் சொதப்புவது இங்கேதான், காரணம் ஒன்றே ஒன்று: ஆவி. சூடாக இருக்கிற பலகாரம் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். அதை மூடினால் ஆவி திரும்பப் பலகாரத்திலேயே இறங்கும். சூடு ஆறக்கூடாதே என்று நாம் அக்கறையோடு போடுகிற மூடிதான் எதிரி. பொரித்ததைக் காகிதத்தின்மேல் குவியலாகப் போட்டாலும் இதே கதைதான், அடியில் இருப்பது நமத்துவிடும். கம்பித் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வைத்தால் கீழிருந்தும் காற்று போகும்.

பாப்கார்னை எடுத்துக்கொள்ளுங்கள். சோளமணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கிறது. சூடு 180 டிகிரி செல்சியஸ் பக்கம் போகும்போது அந்த ஈரம் ஆவியாகி, அழுத்தம் தாங்காமல் தோல் வெடிக்கிறது. வெடித்த பிறகு அந்த ஆவி பாத்திரத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். மூடியை இறுக்கி மூடினால் பாப்கார்ன் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒரு விரல் இடைவெளி விடுங்கள். எண்ணெயில் முதலில் மூன்றே மூன்று மணிகளைப் போடுங்கள். அவை வெடித்ததும் மீதியைக் கொட்டி, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வைத்துவிட்டு மறுபடி ஏற்றினால் எல்லா மணியும் ஒரே சூட்டுக்கு வந்து கிட்டத்தட்ட ஒன்றாக வெடிக்கும். சோளத்தை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், உள் ஈரம் காய்ந்து வெடிக்காமல் போகும். வெண்ணெயை அப்படியே உருக்கி ஊற்றுவதும் தவறு. அதில் இருக்கிற தண்ணீர் பட்ட இடமெல்லாம் சுருங்கும், நெய் ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை. உப்பு ஒட்டவில்லை என்று இன்னும் இன்னும் அள்ளிப் போடுகிறோமே, அதற்குப் பதில் உப்பை மிக்சியில் மாவாக அடித்து, பாப்கார்ன் சூடாக இருக்கும்போதே தூவுங்கள். பாதி உப்பே போதும்.

வறுத்த கொண்டைக்கடலையில் நான் மூன்று வாரம் தோற்றேன். வேகவைத்ததை வடிகட்டி உடனே ஓவனில் தள்ளியதுதான் தப்பு. துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி, எண்ணெய் புரட்டி, 200 டிகிரியில் 30 முதல் 40 நிமிடம் வைக்க வேண்டும். மிளகாய்த்தூளும் பூண்டுத்தூளும் கடைசியில்தான். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். ஆறாமல் டப்பாவில் அடைத்தால் திரும்பவும் ஆவி!

உருளைக்கிழங்கு ஃபிரெஞ்சு ஃபிரைஸ் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன்: டிவி இரவுக்கு அது தோதுப்படாது. தண்ணீரில் ஊறவைத்து மாவைக் கழுவி, முதலில் 150 டிகிரியில் ஒருமுறை, பிறகு 180க்கு மேல் ஒருமுறை என்று இரண்டு தடவை பொரித்தாலும் அதன் ஆயுள் பத்து நிமிடம்தான். தொடரின் தலைப்புப் பாட்டு முடிவதற்குள் தொய்ந்துவிடும். ஆசைப்பட்டால் இடைவேளையில் இரண்டாம் பொரிப்பைப் போடுங்கள். மீந்த கட்லெட்டையும் வடையையும் மைக்ரோவேவில் சூடாக்குவது இதே ரகத் தவறு. ஓவனிலோ ஏர் ஃபிரையரிலோ 180 டிகிரியில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் மேல்தோல் திரும்ப முறுகும்.

மொறுமொறுப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. பிரிங்கிள்ஸ் சிப்ஸைக் கடிக்கும்போது எழும் சத்தத்தை ஹெட்ஃபோன் வழியே கூட்டிக் கேட்கவைத்தால், அதே சிப்ஸை மக்கள் இன்னும் மொறுமொறுப்பானது, புதிது என்று சொன்னார்கள். மசிமிலியானோ ஜாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இது. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசையும் 2008இல் வாங்கியது. கடிக்கிறவருக்குச் சத்தம் சுகம் என்பது சரி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வசனம் கேட்பவருக்கு? ஆறு பேர் ஒரே நேரத்தில் சிப்ஸ் கடித்தால் கிசுகிசுப்பாகப் பேசுகிற காட்சி அம்பேல். கிரிக்கெட், பாட்டுப் போட்டி என்றால் எவ்வளவு மொறுமொறுப்பும் ஓடும். மர்மத் தொடருக்கு நான் சத்தமில்லாத சங்கதிகளை வைக்கிறேன்: சின்ன சாண்ட்விச், சீஸ் துண்டு, திராட்சை.

அந்த சாண்ட்விச்சும் ஊறிப்போய்ச் சொதசொதவென்று வரும். தக்காளி, வெள்ளரி நேரே ரொட்டியைத் தொடுவதுதான் காரணம். வெண்ணெயை ஓரம்வரை தடவுங்கள், ஈரம் இறங்காமல் அது தடுக்கும். வெள்ளரியில் உப்புத் தூவி பத்து நிமிடம் கழித்துப் பிழிந்து வையுங்கள். தயிர் டிப்பும் அப்படியே. கட்டித் தொங்கவிட்ட தயிரில் செய்து, உப்பைப் பரிமாறும்போது சேர்த்தால் நீர்த்துப்போகாது. பச்சைப் பூண்டு போட்ட டிப்பை முந்தின நாளே செய்யாதீர்கள், காரம் ஏறி மற்ற ருசியை விழுங்கிவிடும். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அடுப்படி மேடையிலேயே நாள்கணக்கில் வைப்பது ருசிப் பிரச்சினை இல்லை, ஆபத்து. காற்றில்லாத எண்ணெய்க்குள், பாட்டுலிசம் என்கிற கொடிய உணவு நச்சு நோய்க்குக் காரணமான கிருமி நஞ்சு உண்டாக்கலாம். அன்றன்றைக்குச் செய்வதே நல்லது.

தொடர் பார்க்கிற சுவாரசியத்தில் கடிகாரம் மறந்துபோகும். இரண்டு பகுதி, நடுவில் அரட்டை, முடிந்த பிறகு சண்டை என்று மூன்று மணி நேரம் சாதாரணமாக ஓடிவிடும். முட்டை, இறைச்சி, மயோனைஸ், தயிர் எதுவானாலும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெக்கை என்றால் ஒரு மணி நேரம்தான். எல்லாவற்றையும் ஒரே பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பதை விட்டுவிட்டு, பாதியை ஃபிரிட்ஜில் வைத்து இடைவேளையில் எடுங்கள். இரண்டாவது கிண்ணம் வரும்போது கிடைக்கிற வரவேற்பே தனி.

யாராவது குழந்தையைக் கூட்டி வந்தால் பட்டியலே மாறும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாப்கார்ன், முழு முந்திரி, முழு திராட்சை எதுவும் கூடாது, தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுக்கலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். கரண்டியும் எண்ணெயும் கலந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கடைசியாக, ஆரம்ப உற்சாகம். முதல் வாரம் ஐந்து வகை செய்து அசத்துவார்கள், நான்காம் வாரம் உடம்புக்கு முடியவில்லை என்று குறுஞ்செய்தி வரும். நானும் அனுப்பியிருக்கிறேன். இப்போது வாரத்துக்கு மூன்றே வகைதான்: சூடாக ஒன்று, குளிர்ச்சியாக ஒன்று, டப்பாவிலிருந்து ஒன்று. இதில் புதிது ஒன்று இருந்தாலே அதிகம். மூன்றும் உப்பாக இருந்துவிட்டால் தண்ணீருக்கு எழுந்து எழுந்து படம் நிற்கும், ஒன்று பழமாக இருக்கட்டும். ஆப்பிளை வெட்டி, ஒரு கப் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்புக் கரைத்து பத்து நிமிடம் போட்டு அலசி எடுத்தால் கறுக்காது. கட்லெட்டை ஓய்வான ஒரு நாளில் நாற்பதாக உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, தட்டில் ஒட்டாமல் பரப்பி உறையவைத்துப் பிறகு பையில் போடுகிறேன். உருகவிடாமல் அப்படியே மிதமான சூட்டில் பொரித்துவிடலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான், ஒரு பகுதியை முதல் காட்சியிலிருந்து கடைசிவரை நானும் உட்கார்ந்து பார்த்தேன்.