உரிமையாளர் தொலைவில் இருக்கும்போது பண்ணையைப் பராமரித்து விற்றுக் கொடுப்பது எப்படி?

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவருக்காகப் பண்ணையைக் கவனிக்க முன்வருபவர், தமக்குள்ள அதிகாரத்தின் எல்லையை முதலில் எழுத்தில் பெற வேண்டும். கூலி கொடுக்கவும் விளைச்சலை விற்கவும் தரப்படும் அதிகாரம், நிலத்தையே கிரயம் செய்யும் அதிகாரமாகிவிடாது. விற்கும் உரிமை, முன்பணம் வாங்கும் உரிமை, எந்த விலைக்குக் கீழே போகக் கூடாது என்ற வரம்பு ஆகிய மூன்றும் வெளிப்படையாகக் குறிக்கப்பட வேண்டும். உரிமையாளர் காலமானால் அதிகாரப் பத்திரம் பொதுவாக அத்துடன் முடிந்துவிடும். அதன் பிறகு வாரிசுகளின் ஒப்புதலின்றி எதையும் செய்யக் கூடாது.

பண்ணையின் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும்.

அதைவிட முக்கியம் நிலத்தின் எல்லை. ஆளில்லாத நிலத்தில் பக்கத்து வயல்காரரின் உழவு வரப்பை ஆண்டுக்கு ஒரு சாலாகக் கரைத்துக்கொண்டே வரும். நெடுங்காலம் எவரும் தடுக்காவிட்டால் அதுவே பல நாடுகளின் சட்டத்தில் உரிமைக் கோரிக்கையாகவும் மாறக்கூடும். எனவே ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் எல்லைக்கற்களை நடந்து பார்த்து, தேதியுடன் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். மோட்டாரை ஓட்டிப் பார்த்து, கிணறு எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது, எவ்வளவு நேரத்தில் மீண்டும் ஊறுகிறது என்பதையும் குறித்து வைக்க வேண்டும். பயிர், மகசூல், செலவு, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிய சில ஆண்டுக் குறிப்பேடு, தரகரின் எந்தப் பேச்சையும்விட வாங்குபவரை நம்ப வைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

விற்பனைக்கு முன் வில்லங்கம், அதாவது நிலத்தின் மேல் அடமானம் போன்ற பொறுப்புகள் ஏதும் உள்ளனவா என்று பார்த்து, நிலத்தை அளந்து, குத்தகைதாரர் இருந்தால் அவருடைய உரிமையையும் காலக்கெடுவையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவரிடம் மறைத்து விற்பது அநியாயம்; வழக்குக்கும் அதுவே வழி. நிற்கும் பயிர், கால்நடை, கருவிகள் ஆகியவை விலையில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் தனித்தனியாக எழுத வேண்டும்.

வரும் ஒவ்வொரு விலைக்கேட்பையும், குறைவானதாக இருந்தாலும், உரிமையாளருக்குத் தெரிவிப்பது கடமை. அவருக்குத் தெரியாமல் வாங்குபவரிடம் தரகு பெறுவதும், நிலத்தை உறவினர் பெயரில் தாமே வாங்குவதும் நம்பிக்கைத் துரோகம். கிரயத் தொகை நேரடியாக உரிமையாளரின் கணக்கில் சேர்வதே இருவருக்கும் பாதுகாப்பு. பத்திரப்பதிவு முடிந்ததும் மின் அளவியின் கணக்கைக் குறித்து, சாவிகளைக் கொடுத்து, மீதிக் கணக்கை ரசீதுகளுடன் ஒப்படைத்து, பொறுப்பு முடிந்ததற்கு உரிமையாளரிடம் எழுத்துச் சான்று பெற வேண்டும்.