ஏப்ரலில் ஸ்நோ புளோவரை மூட்டை கட்டும் முறை

ஏப்ரல் பிறந்ததும், வாசல் பனியை அள்ளி எறியும் ஸ்நோ புளோவர் மெஷினை கராஜ் மூலைக்குத் தள்ளிவிட்டு மிளகாய்க் கன்று பார்க்கக் கிளம்பிவிடுவோம். கனடாவில், டொரன்டோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கிய முதல் வருடம் நானும் அப்படித்தான். நவம்பரில் முதற்பனி கொட்டிய காலை, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்மூட்டு நொந்ததுதான் மிச்சம். திருத்த வந்தவர், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி என் கையில் தந்தார். பனங்கட்டிப் பாகு மாதிரி ஏதோ பிசுபிசுத்தது. பழைய பெற்றோல்! பெற்றோல் போகிற, ஊசிமுனை அளவான ஜெட் துளையை அதுதான் அடைத்திருந்தது.

இங்கே பம்பில் அடிக்கும் சாதாரண பெற்றோலில் பத்து சதவீதம் அளவுக்கு எத்தனோல் கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பெற்றோலும் மாதக்கணக்கில் கிடந்தால் பிசினாகும். அதனால் மற்ற வேலைகளில் சோம்பல்பட்டாலும் பெற்றோல் வேலையில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

முதலில் கழுவல். ரோட்டில் போட்ட உப்பு, டிரைவ்வே வாசலில் நகரசபை வண்டி தள்ளிவிட்டுப் போகும் குவியலோடு சேர்ந்து மெஷினுக்குள் வந்திருக்கும். ஓஸ் பைப்பால் மெதுவாகக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். எஞ்சின் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

அடுத்து பெற்றோல். எஞ்சின் ஆறியிருக்கும்போதே, வெளியே வைத்து, கைப்பம்பால் தாங்கியைக் காலி செய்யுங்கள். வாயால் உறிஞ்சும் ஊர்ப்பழக்கம் வேண்டவே வேண்டாம். பிறகு ஸ்டார்ட் செய்து, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். ஆறியதும் கார்பரேட்டர் கிண்ணத்தின் கீழ் போல்ட்டைத் தளர்த்தினால் இன்னும் இரண்டு மூன்று கரண்டி வரும். அதுதான் பாகாகிற பெற்றோல். காலி செய்ய விரும்பாதவர்கள் புதுப் பெற்றோலில், அதைக் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர் மருந்தைக் கலந்து பத்து நிமிடம் ஓட்டலாம். கலந்துவிட்டு ஓட்டாமல் வைத்தால் மருந்து தாங்கியிலேயே நின்றுவிடும், கார்பரேட்டருக்குப் போகாது.

ஓடவிட்ட எஞ்சின் முழுதும் ஆறுமுன், இளஞ்சூட்டில் இருக்கும்போதே ஒயிலையும் மாற்றிவிடுங்கள். பழையது இளகி முழுவதும் வடியும். பெரும்பாலும் 5டபிள்யூ-30 ரக ஒயில்தான். 200 சிசி சுற்றிய எஞ்சினுக்கு ஏறத்தாழ 600 மில்லிலீற்றர் பிடிக்கும். சரியான அளவைக் கையேட்டில் பார்த்து, டிப்ஸ்டிக்கால் சரிபாருங்கள். பழைய ஒயில் வடிகாலுக்கு அல்ல, நகரசபையின் அபாயக் கழிவு நிலையத்துக்கு.

இனி ஸ்பார்க் பிளக். வயரை இழுத்துக் கழற்றி ஒதுக்கி வைத்துவிட்டே மற்ற வேலை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு மேசைக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, துளையின் மேல் துணியைப் போட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுங்கள். துணி இல்லாமல் இழுத்தால் சட்டையெல்லாம் ஒயில். பிறகு பிளக்கைத் திரும்பப் பூட்டுங்கள், வயரை மட்டும் வெளியே விட்டுவைக்கலாம்.

பலர் மறப்பது ஓகரை, அதாவது முன்னால் சுழன்று பனியை வாரும் திருகை. கியூபெக்கில் ஆர்தர் சிக்கார் 1925இல் தன் முதல் ஸ்நோ புளோவரைச் செய்து நூறு வருடமாகிவிட்டது. பனியை அள்ளி எறியும் அடிப்படை வேலை மாறவில்லை, துருவும் மாறவில்லை. ஓகரைத் தண்டோடு பிணைத்து, கல் மாட்டினால் தானே உடைந்து கியர்பெட்டியைக் காக்கும் ஷியர் பின்களைக் கழற்றினால் ஓகர் தண்டின் மேல் தனியாகச் சுழல வேண்டும். சுழலாமல் இறுகினால் துரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்படி ஒட்டிக்கொண்டால், கல் மாட்டும்போது ஷியர் பின் உடைந்தும் பயனில்லை, அடி நேரே கியர்பெட்டிக்குத்தான். கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடித்து, ஓகரைக் கையால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்னைத் திரும்பப் போடுங்கள். உள்ளே சில்லை ஓட்டும் ரப்பர் உராய்வுத் தட்டில் மட்டும் ஒயிலோ கிரீஸோ படக்கூடாது, பட்டால் மெஷின் நகராது.

மெஷினை பேஸ்மென்டில், ஃபர்னஸுக்கோ வாட்டர் ஹீட்டருக்கோ பக்கத்தில் வைக்காதீர்கள். காலித் தாங்கியிலும் பெற்றோல் ஆவி இருக்கும். கராஜ் அல்லது ஷெட் போதும். மூடுவதற்குக் காற்றோட்டமுள்ள துணிதான் நல்லது. பிளாஸ்டிக் தாள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மெஷினின் மாடல் நம்பரைப் பார்த்து ஒரு ஜோடி ஷியர் பின்னை இப்போதே வாங்கி, கைப்பிடியில் டேப்பால் ஒட்டிவிடுங்கள். அந்த இடத்துக்குச் சாதாரண போல்ட் போடக்கூடாது, அது உடையாது. பெரிய பனி கொட்டும் வாரத்தில் கடைக்குப் போனால் ஷியர் பின் தொங்கும் கொளுக்கி வெறுமையாய் இருக்கும்.