அன்றைய செலவை அன்றிரவே எழுதுங்கள்: தேர்தல் கணக்கு எழுதும் முறை

வருமான வரிக் கணக்கு எழுதுவது என் தொழில். மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் சுயேச்சைகளுக்கும் சிறிய கட்சிக்காரர்களுக்கும் செலவுக் கணக்கு எழுதியிருக்கிறேன். முதல் தேர்தலில் வேட்பாளர் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். டீக்கடைச் சீட்டு, டீசல் பில், பிட் நோட்டீஸின் பின்பக்கத்தில் கிறுக்கிய மைக் செட் வாடகை என்று பன்னிரண்டு நாள் செலவு அதில் கிடந்தது. எது எந்த நாளுக்குரியது என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் காலை செலவினப் பார்வையாளரின் (வேட்பாளர்களின் செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் அதிகாரி) ஆய்வு. அன்றிரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. இனி ஒருவருக்கும் அப்படி ஓர் இரவு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வங்கியில் தொடங்குங்கள். மனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்பே தேர்தலுக்கென்று தனிக் கணக்கு திறந்துவிட வேண்டும். வேட்பாளர் பெயரில் திறக்கலாம், தேர்தல் முகவரோடு (தேர்தல் வேலைகளைத் தன் சார்பில் பார்க்க வேட்பாளர் நியமிப்பவர்) கூட்டாகவும் திறக்கலாம். தேர்தல் முகவராக இல்லாத மனைவி, தம்பி பெயரைச் சேர்க்கக் கூடாது. உங்கள் சொந்தப் பணமாகவே இருந்தாலும் முதலில் அந்தக் கணக்கில் போட்டு, பிறகு எடுத்துச் செலவழியுங்கள். ஒரே ஆளுக்கோ ஒரே கடைக்கோ தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பந்தல்காரருக்கு இன்று எட்டாயிரம், நாளை எட்டாயிரம் என்று பிரித்துக் கொடுத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ போதும், பிரச்சினை வராது.

மனுத் தாக்கல் செய்யும்போது ஒரு பதிவேடு தருவார்கள். அதில் வெள்ளைத் தாள் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. மனுத் தாக்கல் நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளும் உட்பட, எல்லாச் செலவும் இதில் ஏற வேண்டும். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். மனுவுக்கு முன்பே அச்சடித்த நோட்டீஸைப் பிறகு வினியோகித்தால் அதுவும் செலவுதான். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நண்பர் இலவசமாகத் தந்த வேன், மாமா கொடுத்த மண்டபம் எல்லாவற்றுக்கும் சந்தை மதிப்பு போட்டு எழுத வேண்டும். "காசே கொடுக்கலையேம்மா, அதை ஏன் எழுதணும்?" என்று என்னிடம் கேட்காத வேட்பாளர் இல்லை. காசு கொடுக்காவிட்டாலும் பிரச்சாரத்துக்குப் பயன்பட்டதல்லவா? அதனால் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதுவார் என்பதை மறக்காதீர்கள். உங்கள் கூட்டத்தை வீடியோக் குழு படம் எடுக்கிறது. இன்னொரு குழு அதைப் பார்த்து நாற்காலி, கொடி, வண்டி என்று எண்ணி, மாவட்டத்தில் அறிவித்த விலைப்பட்டியல்படி நிழல் பதிவேட்டில், அதாவது உங்கள் கணக்கோடு ஒப்பிட அதிகாரிகள் தனியே வைக்கும் பதிவேட்டில் ஏற்றுகிறது. அந்த முதல் தேர்தலின் ஆய்வுக்கு நாங்கள் அறுபது நாற்காலி என்று எழுதிப் போயிருந்தோம். வீடியோவில் இருநூறு இருந்தது. வேட்பாளர் பொய் சொல்லவில்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து பையன்கள் கொண்டுவந்து போட்டது அவருக்குத் தெரியாது. அதன்பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் நோட்டுப் புத்தகத்தோடு ஒருவரை எண்ணுவதற்கென்றே நிறுத்துகிறேன்.

பிரச்சாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை ஆய்வு நடக்கும். பதிவேடு, வவுச்சர், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துப் போங்கள். 2022 ஜனவரியில் திருத்தியபடி தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய், மக்களவைக்கு 95 லட்சம். இது வேட்பாளருக்குத்தான். கட்சி தன் பொதுப் பிரச்சாரத்துக்குச் செலவழிக்க வரம்பே இல்லை. இது நியாயமில்லை என்று நான் எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நட்சத்திரப் பேச்சாளர் (பிரச்சாரத்துக்கென்று கட்சி பட்டியல் போட்டுத் தரும் தலைவர்) பேசும் மேடையில் நீங்களும் ஏறி நின்றால், அந்தக் கூட்டச் செலவில் உங்கள் பங்கு உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.

நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சகத்தின் பெயர், முகவரியும் வெளியிடுபவரின் பெயர், முகவரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

தோற்றவர்களே, உங்களுக்கும் கணக்கு உண்டு. முடிவு வந்த 30 நாட்களுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுத்தாக வேண்டும். தகுந்த காரணமின்றிக் கொடுக்காவிட்டால் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டுகள் போட்டியிடத் தடை விதிக்கலாம். தோற்ற சோர்வில் பதிவேட்டைப் பரணில் போட்டுவிட்டு, அடுத்த தேர்தலில் நிற்க முடியாமல் போன நல்ல மனிதரை எனக்குத் தெரியும். ஊருக்கு உழைத்தவர். இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

இனி வாக்காளர்களுக்கு. ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆரத்தித் தட்டில் வேட்பாளர் போடும் நோட்டுக்கும் வழக்கு வரலாம். பணப் பட்டுவாடாவால் 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் குறித்த நாளில் வாக்குப்பதிவே நடக்கவில்லை. நேர்மையாக நின்றவரின் உழைப்பும் அதோடு போயிற்று. பணம் கொடுப்பதைப் பார்த்தால் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற கைபேசிச் செயலியில் அங்கேயே படமோ வீடியோவோ எடுத்து அனுப்புங்கள். முன்பே எடுத்து வைத்த படத்தை அது ஏற்காது. உங்கள் பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது அதன் இலக்கு. 1950 என்ற தேர்தல் உதவி எண்ணுக்கும் பேசலாம்.

தேர்தல் நேரத்தில் கல்யாணச் செலவுக்கோ மாடு வாங்கவோ 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் எடுத்துப் போகிறவர்கள் வங்கிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, பில் ஏதாவது கையில் வைத்திருங்கள். பறக்கும் படை பிடித்துவிட்டால் ரசீதை வாங்காமல் நகராதீர்கள். பணத்தைத் திரும்பப் பெற மாவட்டத்தில் அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. ரசீதோடும் ஆதாரத்தோடும் அங்கே போங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஓர் உரிமையும் உண்டு. வேட்பாளர் கொடுத்த செலவுக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கட்டணம் ஒரு ரூபாய். எங்கே, எப்போது பார்க்கலாம் என்று மாவட்டத் தேர்தல் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். நான் இரண்டு முறை எங்கள் தெருப் பெண்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். எங்கள் தெருமுனைக் கூட்டத்துக்கு எத்தனை நாற்காலி எழுதியிருக்கிறார்கள் என்றுதான் அவர்கள் முதலில் தேடினார்கள்.