வாடிக்கையாளரை வரைபடத்துக்குள் நடக்க வைப்பது எப்படி?

பிளானைப் பார்த்து அறையை மனதில் கட்டிக்கொள்ளத் தெரிந்த வாடிக்கையாளர்கள் குறைவு. கணினியில் உருவாக்கும் ரெண்டர் படமும் முழுதாகக் கைகொடுக்காது. அகலக் கோணத்தில் எடுத்த படத்தில் 3 மீட்டர் அறை 5 மீட்டர் போலத் தெரியும். 'பிரமாதம்' என்று ஒப்புதலும் கிடைத்துவிடும். வார்ட்ரோப் வந்து நின்ற பிறகுதான் அதன் கதவு கட்டிலில் இடிப்பது தெரியவரும். கண்ணில் மாட்டிக்கொண்டு முப்பரிமாணக் கணினி மாடலுக்குள் நின்று பார்க்க வைக்கும் வி.ஆர். ஹெட்செட் வந்த பிறகு, பிளைவுட்டை வெட்டும் முன்பே அந்த இடி தெரிந்துவிடுகிறது. உள்வடிவமைப்புத் தொழிலில் அது செய்திருக்கும் பெரிய மாற்றம் இதுதான். ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: இடத்தைப் பற்றி ஹெட்செட் காட்டுவதை, ஒரு சின்னத் திருத்தத்தோடு, நம்பலாம். நிறத்தையும் வெளிச்சத்தையும் பற்றிக் காட்டுவதை நம்பக் கூடாது.

அளவெடுப்பு

ஐபோன் 12 ப்ரோவிலிருந்து ப்ரோ வரிசை போன்களில், ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் லைடார் சென்சார் இருக்கிறது. சுமார் 5 மீட்டர் தூரம்வரை அது அளக்கும். ஓர் அறையைச் சில நிமிடங்களில் ஸ்கேன் செய்துவிடலாம். கண்ணாடியும் பளபளப்பான கறுப்புப் பரப்பும் அதைக் குழப்பும். கண்ணாடி இருக்கும் இடத்தில் சுவருக்கு அப்பால் இன்னோர் அறை முளைத்துவிடும். ஸ்கேனுக்கு முன் அவற்றைத் துணியால் மூடிவிடுங்கள்.

இந்த ஸ்கேனில் சென்டிமீட்டர் கணக்கில் பிழை வரும். சோபா எங்கே வைப்பது என்று பார்க்க அது போதும். சுவருக்குச் சுவர் பொருந்தும் அலமாரிக்குப் போதாது. அதற்கு லேசர் மீட்டர்தான். ஒவ்வொரு சுவரையும் தரையோரம், 1 மீட்டர் உயரம், கூரையோரம் என மூன்று இடங்களில் அளந்து, மிகச் சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளவெடுங்கள். அவை சமமாக இல்லையென்றால் அறையின் மூலைகள் செங்கோணமாக இல்லை. பீமின் அடிமட்டம், ஜன்னல் அடிமட்ட உயரம், சுவிட்ச் போர்டுகளின் இடம் ஆகியவற்றையும் குறித்துவிடுங்கள்.

மாடல்

அடிக்கடி நடக்கும் தவறு அலகுக் குழப்பம். முப்பரிமாண மாடலைச் சேமிக்கும் ஜிஎல்டிஎஃப் கோப்பு மீட்டரில் பேசும். நீங்கள் வரைந்தது மில்லிமீட்டராக இருந்தால் அறை 1000 மடங்கு ஊதிப்போகும். அது உடனே கண்ணில் பட்டுவிடும். படாதது, இணையத்தில் இறக்கிய நாற்காலி மாடல் 10 சதவீதம் சிறிதாக இருப்பது. காட்சியில் 1 மீட்டர் கனசதுரம் ஒன்றை வைத்து எல்லாப் பொருளையும் அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது வேகம். திரை நொடிக்கு 72 முறை மாறும் 72 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமை, அதாவது ஒரு படத்தை, வரையக் கிடைப்பது 13.9 மில்லிசெகண்ட், 90 ஹெர்ட்ஸில் 11.1. அதைத் தாண்டினால் காட்சி துள்ளும், பார்ப்பவருக்குக் குமட்டும். பழியெல்லாம் பெரும்பாலும் குஷன், செடி, திரைச்சீலை மடிப்பு போன்ற சின்னப் பொருட்கள்மேல்தான். இணையத்தில் இறக்கிய ஒரு செடியில் மாடலின் பரப்பைக் கட்டும் முக்கோணங்கள் அறையின் எல்லாச் சுவர்களையும் விட அதிகமாக இருக்கும். முதலில் அவற்றைக் குறையுங்கள், நிழலையும் ஒளியையும் முன்கூட்டியே கணக்கிட்டு மாடலிலேயே பதித்துவிடுங்கள் (பேக் செய்வது), நிலைக்கண்ணாடிப் பிரதிபலிப்பை அணைத்துவிடுங்கள்.

டைல்ஸ் அளவில் அலட்சியம் வேண்டாம். 600 மி.மீ. டைலின் டெக்ஸ்ச்சர், அதாவது மாடலின் பரப்பில் ஒட்டும் படம், 800 மி.மீட்டருக்கு விரிந்திருந்தால், கண் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு அறையையே தப்பாகக் கணக்குப் போடும்.

நடத்திக் காட்டுவது

இரண்டு முறை காட்டுங்கள். முதல் முறை நிறமில்லாத சாம்பல் மாடல் மட்டும், இரண்டாம் முறை நிறத்தோடு. லேமினேட்டின் நிறம் கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான் இருக்கும். நடைபாதை குறுகலாக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

ஹெட்செட்டை மாட்டும் முன் தரைமட்டத்தைச் சரிபாருங்கள். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரைத் தரையில் வையுங்கள். ஹெட்செட் காட்சிக்கு உள்ளேயும் அது தரையைத் தொட வேண்டும். ஹெட்செட் தரையை 10 செ.மீ. மேலே இருப்பதாக நினைத்துக்கொண்டால், பார்ப்பவர் உள்ளே 10 செ.மீ. குட்டையாகிவிடுவார். 900 மி.மீ. சமையல் மேடை அவருக்கு 1000 போலத் தெரியும், 'மேடையைத் தாழ்த்துங்கள்' என்பார், நீங்களும் தாழ்த்திவிடுவீர்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் ஆளுக்கு ஆள் திருத்துங்கள். பெரியவர்களுக்கு அது சராசரியாக 63 மி.மீ., ஆனால் ஆளுக்கு ஆள் நிறையவே மாறும்.

ஹெட்செட்டுக்கு வெளியே, நிஜ அறையில், 2க்கு 2 மீட்டர் காலி இடம் விடுங்கள். அறைக்கு அறை போக, சுட்டிய இடத்துக்கு ஒரே தாவலில் போகும் டெலிபோர்ட் முறை வையுங்கள். வழுக்கிக்கொண்டே போகும் நகர்வு புதியவர்களுக்குத் தலைசுற்றலைத் தரும். 10 நிமிடம் போதும். முகம் வெளுத்தாலோ பேச்சு குறைந்தாலோ உடனே கழற்றச் சொல்லுங்கள்.

நடை மட்டும் போதாது, கையும் வேலை செய்ய வேண்டும். வெளியே 900 மி.மீ. உயரத்தில் உண்மையான மேசை ஒன்றை, உள்ளே மேடை இருக்கும் அதே இடத்தில் நிறுத்துங்கள். வாடிக்கையாளர் கையை ஊன்றிப் பார்க்கட்டும். பிறகு டிராயர்களைத் திறந்த நிலையில் காட்டுங்கள். எதிரெதிர் மேடைகளுக்கு இடையே 1000 மி.மீ. என்றால் பிளானில் தாராளமாகத் தெரியும், 500 மி.மீ. டிராயரை இழுத்தால் மிஞ்சுவது 500. அவரே பின்னால் நகர்ந்து, எதிர் மேடை வந்துவிட்டதை உணரும்போது, 1200 ஏன் வேண்டும் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

இனி அந்தத் திருத்தம். ஹெட்செட்டுக்குள் மனிதர்கள் தூரத்தை உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிடுவார்கள். இது ஆய்வுகளில் நன்கு பதிவானது. எனவே 'அறை சின்னதாக இருக்கிறது' என்ற ஒரு வார்த்தைக்காகச் சுவரை நகர்த்தாதீர்கள். முதலில் அவர் நின்றுகொண்டிருக்கும் அறையையே மாடலாக்கி இரண்டு நிமிடம் காட்டுங்கள். கண் பழகிய பிறகு புதிய அறைக்குப் போங்கள். சந்தேகம் நீடித்தால் தரையில் டேப் ஒட்டி முழு அளவில் நடந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நிறமும் வெளிச்சமும்

ஹெட்செட் திரையின் ஒளிர்வு, வெயில் படும் சுவரின் பக்கத்தில்கூட வராது. கண் கூசுமா, மேடையில் வெளிச்சம் போதுமா என்பதையெல்லாம் அதில் தீர்மானிக்க முடியாது. விளக்கு எத்தனை என்பதை, பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவான லக்ஸ் கணக்கில் முடிவு செய்யுங்கள். பெயின்டையும் லேமினேட்டையும் ஏ4 அளவு மாதிரிப் பலகையில், அதே அறையில், காலையிலும் மாலையிலும், போடப்போகும் 3000 கெல்வின் (மஞ்சள் சாயல்) அல்லது 4000 கெல்வின் (அதைவிட வெள்ளை) விளக்கின் கீழும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

கேமராவில் தெரியும் நிஜ அறைமேல் மாடலை வைத்துக் காட்டும் ஏ.ஆர். வழியாகப் போனில் நாற்காலியையோ சோபாவையோ வைத்துப் பார்ப்பது, தளத்தில் வேலை நடக்கும்போது வசதி. மாடல் ஐபோனுக்கு யுஎஸ்டிஇசட் கோப்பாகவும், ஆண்ட்ராய்டுக்கு ஜிஎல்பி (ஜிஎல்டிஎஃப்பின் ஒரே கோப்பு வடிவம்) கோப்பாகவும் வேண்டும். வெறும் வெள்ளைத் தரையில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காமல் பொருள் மிதக்கும். நான்கைந்து செய்தித்தாள்களைப் பரப்பினால் நிற்கும்.

ஒப்பந்தத்தில் மாடல் தயாரிப்புக்கும் இரண்டு காட்சிகளுக்கும் தனிக் கட்டணம் எழுதுங்கள். அந்த மணிநேரங்கள் முன்பு இருந்ததே இல்லை. காட்சி முடிந்ததும் மாற்றங்களை அளவோடு எழுதி, கையொப்பம் வாங்கி, வரைபடத்தின் திருத்த எண்ணை மாற்றி, அன்றே தச்சருக்கு அனுப்புங்கள். அவர் கையில் இருப்பது வரைபடம்தான். ஹெட்செட்டில் நகர்த்திய மேடை அதில் நகரவில்லையென்றால் பழைய இடத்திலேயே எழும்பும்.